பத்திரமா பாத்துக்குங்க

அண்ணி வயர் போட்டுக் கொடுத்த வேன் ஒன்று மலைப்பாதையில் எரிந்துவிட்டதாம். முதலில் சொன்னவர் டயர் கடைக்காரர். அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவரிடம் சொன்ன லாரி டிரைவரும் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் போன இன்னொரு லாரிக்காரர்தான் பார்த்தாராம். டயர் கடையிலிருந்து பெயின்ட் கடைக்கு வருவதற்குள் வேன் நீல நிறமாகியிருந்தது. அங்கிருந்து அண்ணன் காதுக்கு வந்தபோது மறுபடி வெள்ளையாகிவிட்டது. எந்த வாயிலும் மாறாமல் வந்தது ஒன்றுதான்: உள்ளே இருந்தது வயதான புருஷன் பெண்டாட்டி.

அண்ணன் அதைப் பட்டறைக்கு வந்து சொன்னபோது அண்ணி ஒரு தடித்த கேபிளின் தலையில் செம்பு முனையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எவன் சொன்னான்?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு வாய் இருக்கு. ஃபியூஸ் இருக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவளுக்கு ஃபியூஸ் அக்கா என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியெல்லாம் வைத்து வேனையே வீடாக்கிக்கொள்ள வருகிறவர்கள் திரைச்சீலை என்ன நிறம், மேஜை மடங்குமா என்று ஆரம்பிப்பார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரிங்க, ஃபியூஸ் எங்க வெக்கிறது?" என்பாள்.

நான் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கவலைப்படும் இலாகா என்னுடையது. வெள்ளை வேன், வயதான ஜோடி என்று கேட்டதுமே எனக்கு, நான் வந்த பிறகு இங்கே வேனை வாங்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிய தபால்காரரும் அவர் மனைவியும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

"அண்ணி, அவங்களா இருக்குமோ?"

"ஆரம்பிச்சிட்டியா நாத்தனாரே. உங்க தங்கச்சி ரெண்டு பாஷைல கவலைப்படுவாங்க," என்று அண்ணனிடம் சொன்னாள். ஆனால் கேபிளைக் கீழே வைத்துவிட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. "மலையில டவர் எங்க இருக்கப்போகுது," என்று அவளே அதற்குக் காரணமும் சொல்லிக்கொண்டாள்.

ஓய்வு பெற்ற தபால்காரர் அவர். வாழ்நாள் முழுவதும் கடித உறைகளில் ஊர்ப் பெயர்களைப் படித்தவர். ஒரு ஊரையும் பார்த்ததில்லை. இனிமேல் பார்த்துவிடுவது என்று வேன் வாங்கினார். மனைவிக்குத் தூங்கும்போது மூச்சு அடைத்துக்கொள்ளும். முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு மெஷின் இல்லாமல் அவரால் படுக்க முடியாது. அந்த மெஷினுக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டர் பெட்டி விடிய விடிய ஓட வேண்டும். அந்த வேலையை அண்ணிதான் செய்தாள்.

அவள் படித்து வந்த வேலையில்லை இது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் கார்களுக்கான வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து முனை அழுத்துகிற பிரிவில் இருந்தாள். எந்த நிறம் எங்கே போகும், எந்த முனை நாளைக்குத் தளரும் என்பதை விரல்களாலேயே சொல்லிவிடுவாள். தொழிற்சாலையை மூடினார்கள். அண்ணன் தச்சன். யாரோ ஒருவர் வேனுக்குள் கட்டில் செய்யச் சொல்ல, அவன் செய்தான். மின்சார வேலைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். மெல்லிய பலகையில் நாலு மரத்திருகை முடுக்கி இன்வெர்ட்டரைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார். முதல் பயணத்திலேயே பள்ளங்களில் குலுங்கிக் குலுங்கித் திருகெல்லாம் கழன்று, பெட்டி பாத்திரங்களின் மேல் விழுந்தது. வேனின் சொந்தக்காரர் அண்ணனைத்தான் திட்டினார். அன்றைக்கு அண்ணி, "அடுத்த வண்டிக்கு நான் போடுறேன்," என்றாள்.

அதிலிருந்து அவள் முறை இதுதான். வேனின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்ட தடித்த பலகை. அதன் முகத்தில் தீப்பிடிக்காத சிமெண்ட் அட்டை. அதன் மேல் இன்வெர்ட்டர், குலுங்கினாலும் கழலாத நட்டுகளோடு. பேட்டரிக்கு அருகில்தான், ஆனால் அதன் தலைக்கு மேலே இல்லை. பேட்டரியிலிருந்து கேபிள் கிளம்புகிற இடத்திலேயே ஃபியூஸ். கேபிள் தகரத்தைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம். பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாண் வெற்றிடம். பெட்டியை மூடுகிற மர அடைப்பின் கீழே ஒரு ஓட்டை, மேலே ஒரு ஓட்டை. "கீழ குளுந்த காத்து, மேல சூட்டுக் காத்து. அதுக்கும் மூக்கு வேணும்ல," என்பாள்.

எல்லாம் முடிந்ததும் மாட்டிய இன்வெர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்குவாள்.

"என்னைத் தாங்கிட்டா எந்த ரோட்டையும் தாங்கிடும்."

"அப்ப நீ இளைச்சிடாத," என்பான் அண்ணன். "டெஸ்ட் தப்பாயிடும்."

சாவியைக் கொடுக்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு தொழிற்பேச்சும் வராது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற குரலில், "பத்திரமா பாத்துக்குங்க," என்பாள். அவ்வளவுதான்.

வதந்தி வந்த மறுநாள் காலையில் அவள் என்னை உட்காரவைத்து அந்த வெள்ளை வேனுக்கு மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் மாட்டினாள். வேன் அங்கே இல்லை. வாயாலும் கையாலும் மாட்டினாள். காற்றில் போல்ட்டை முடுக்கினாள், காற்றில் கேபிளை வளைத்தாள்.

"ரப்பர் வளையம் போட்டேன். கண்ணுக்குள்ள இருக்கு. போல்ட்டு போட்டேன். தொங்கிப் பாத்தேன். அந்தம்மா கூட சிரிச்சாங்களே."

"சிரிச்சாங்க அண்ணி."

"அப்புறம் என்ன? நான் போட்டது எரியாது."

சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அதே குரல், அதே எல்லை.

அன்று சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நீச்சல் மாஸ்டர் ஒருவர், அண்ணி வயர் போட்டுக் கொடுத்த தன் வேனோடு வந்து நின்றார். குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி பேசியே பழகிய மனிதர். பட்டறை வாசலிலிருந்தே கத்தினார்.

"அக்கா! உங்க பெட்டி கத்துது! கொஞ்ச நேரம் ஓடுது, கீச்சு கீச்சுன்னு கத்துது, நின்னுடுது. தொடக்கூட இல்ல நாங்க. அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம்."

அண்ணி வேனுக்குள் ஏறிக் கட்டிலுக்கு அடியிலிருந்த கதவைத் திறந்தாள். பின்னால் எட்டிப் பார்த்த எனக்கு இன்வெர்ட்டர் தெரியவில்லை. பூப்போட்ட ஒரு பஞ்சுப் போர்வை தெரிந்தது. அதன் மேல் கயிறு. இண்டு இடுக்கிலெல்லாம் தலையணை. மேல் ஓட்டையில் ஒரு துண்டு அழகாகச் சுருட்டிச் செருகப்பட்டிருந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

"குலுங்குது இல்லக்கா ரோடு? அடிபட்டுடக் கூடாதுன்னு வீட்டுக்காரிதான் சுத்தினா. அந்த ஓட்டையில தூசி போகுதேன்னு துண்ட நான் வெச்சேன்."

"யாரு சுத்தச் சொன்னா?"

"நீங்கதான்! பத்திரமா பாத்துக்கச் சொன்னீங்களே."

அண்ணனுக்கு அடக்க முடியவில்லை. "ஏன் மாஸ்டர், நீச்சல் கத்துக்க வர்றவனையும் போர்வை சுத்தித்தான் தண்ணில இறக்குவீங்களா?"

மாஸ்டர் குளத்தளவு சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணியும் சிரித்துக்கொண்டேதான் கயிற்றை அவிழ்த்தாள். போர்வையின் உள்மடிப்பில் கையை விட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பஞ்சு ஒரு பக்கம் பழுப்பேறி, இஸ்திரிப் பெட்டியின் கீழ் மறந்துபோன சட்டை மாதிரி இருந்தது. அவள் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்த்தபோது அவள் அந்தப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னேன்," என்றாள்.

யாரிடம் என்று நாங்கள் கேட்கவில்லை. பத்திரம் என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? துணியில் சுற்றுவோம். பீரோவின் உள்ளறையில், மடித்த துணிகளுக்கு அடியில் வைப்போம். இன்னும் விலையுயர்ந்தது என்றால் இன்னொரு சுற்று. தபால்காரரின் மனைவி குளிருக்கு என்று கட்டில் நிறையக் கம்பளிகளை அடுக்கிக்கொண்டு போனதை நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்திருந்தோம்.

"அதான் தானா நின்னுடுதே அண்ணி," என்றேன். "சூடானா கத்திட்டு நின்னுடும். மாஸ்டரோடது நின்னுச்சுல்ல?"

"நிக்கணும். நின்னா நல்லது." போர்வையை ஒருமுறை மடித்தாள். "நின்னுட்டா அந்தம்மாவோட மூச்சு மெஷினும் நின்னுடும்."

மாஸ்டர் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "என்னக்கா, நான் எதாவது தப்பா..."

"நீங்க இல்ல மாஸ்டர். இனிமே இதுல ஒரு கைக்குட்டை கூட வெக்காதீங்க. சும்மா விடுங்க. அதை யாரும் பாத்துக்க வேணாம்."

பிறகு அவள் ஃபோனை எடுத்தாள். அண்ணன் அருகில் போய் உட்கார்ந்தான்.

"எடுத்தா முதல்ல என்ன கேப்ப? வண்டி எப்படி இருக்குன்னா?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். கம்பளியத் தூக்குங்க, கதவத் திறந்து வைங்கன்னு சொல்லுவேன். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, ஃபோனைக் கட்டிலின் மேல் வைத்தாள். நாங்கள் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தோம். குரல் வரவில்லை. மணி போயிற்று.

"போகுது," என்றான் அண்ணன். "மணி போகுதுடி. எரிஞ்ச வண்டில ஃபோன் அடிக்குமா?"

மாஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மணி போய்க்கொண்டே இருந்தது, நின்றது. உடனே மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மணி.

போர்வை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது. ஃபோனை நோக்கிக் குனிந்துகொண்டு, யாரோ தூக்கத்தில் இருப்பவர்களிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில், "எடுங்க," என்றாள். "எடுங்கம்மா. எடுத்துடுங்க."