சுலபம் என்று எழுதிய பழுது

செய்தி வந்தபோது அவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். கிரீஸ் பட்ட கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்திருந்தது. "உங்க ஆப்போட அலாரம் மணி வெளியில கேக்கல. போன்ல இயர்போன் சொருகியிருந்துச்சு. அப்பாவுக்கு உதடெல்லாம் நீலமாயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கேட்ட எதற்கும் பதில் இல்லை.

எட்டு மாடி உயரத்தில், அந்த இருட்டுப் பள்ளத்துக்குமேல், கால் நடுங்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். 'பழுது' என்ற பலகையை மாட்டினார், கதவைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், நாலடி போய்விட்டுத் திரும்பிவந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். பட்டறையில் அவருக்கு 'இன்னொருதடவை' என்றுதான் பெயர். எதை முடித்தாலும் "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பார். பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். ஆனால் தங்கள் வீட்டு லிஃப்ட் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த மணியும் பயத்தில் பிறந்ததுதான். மாமனார் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு வீடு திரும்பியபோது, அவர் விரலில் மாட்டிய கிளிப்பு காட்டும் ஆக்சிஜன் எண்ணை நாள் முழுக்க யார் உட்கார்ந்து பார்ப்பது? லிஃப்டை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குக் கணினி நிரல் எழுதிப் பழகிய கை. பழைய தொலைபேசி ஒன்றில் ஒரு நிரலை எழுதிவைத்தார். ஆக்சிஜன் இறங்கினாலும் கிளிப்பு கழன்றாலும் ஊரைக் கூட்டுகிற மாதிரி மணி அடிக்கும். மாமனார் பெரிய கும்பிடாகப் போட்டார். "நோய் என்னை விட்டாலும் உங்க மணி விடாது போல, மாப்பிள்ளை."

அதை அவர் தனக்கென்று பூட்டிவைத்துக்கொள்ளவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தார். முகம் தெரியாத வீடுகள் எடுத்துக்கொண்டன. முகம் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்ய வந்தார்கள். வந்தவர்கள் நிற்கவில்லை. காரணம் அவர்தான். ஒருவர் ஒரு பழுதை எடுத்துக்கொண்டு நிதானமாகத் தொடங்குவதற்குள் இவருக்குக் கை பரபரக்கும். தானே முடித்துப் போட்டுவிடுவார். வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்.

கடைசிவரை கூட நின்ற ஒரே ஆள், வேறொரு தேசத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண். டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒருநாள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "எல்லாத்தையும் நீங்களே வாரிப் போட்டுக்கிட்டா வர்றவங்க என்ன பண்ணுவாங்க? கதவத் திறந்து வச்சா ஆச்சா? உக்கார ஒரு நாற்காலி போட வேணாமா?"

டீச்சர் சொன்ன வழி இதுதான்: சின்னச் சின்னப் பழுதுகளைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். அவற்றின் மேல் 'சுலபம், புதியவர்களுக்கு' என்று எழுத வேண்டும். எடுத்தவர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. இப்படிப் பலர் கூடிச் செய்யும் நிரல் வேலைகளில் அது வழக்கம்தான். ஆனால் பழுதைக் கண்டால் சரிசெய்துவிட்டுத்தான் மூச்சு விடுகிற மனிதருக்கு அது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி இருந்தது. இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

அப்படி விட்டுவைத்த பழுதுகளில் ஒன்றுதான் இது. தொலைபேசியில் இயர்போன் சொருகியிருந்தால் மணி அதற்குள்ளேயே அடித்துக்கொள்ளும், அறையில் கேட்காது. நோயாளியின் தலைமாட்டுத் தொலைபேசியில் யார் போய் இயர்போன் சொருகப்போகிறார்கள் என்று நினைத்தார். மிஞ்சிப்போனால் அரைமணி நேர வேலை. 'சுலபம்' என்று எழுதினார். 'கத்துக்குட்டி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு புது ஆள் வந்து, நான் எடுத்துக்கலாமா என்று கேட்டது. தாராளமாக என்றார். பிறகு வாரக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. தானே முடித்துவிடலாமா என்று கை போகும்போதெல்லாம் டீச்சருக்குப் பயந்து அடக்கிக்கொண்டார்.

இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து, கருவிப் பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்தார். அந்தப் பழுதைக் குறித்துவைத்த இணையப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. திறந்த வீடு அது. ஒளிக்க ஒரு மூலையும் கிடையாது. பழுது இருப்பது அவருக்குத் தெரியும் என்பதும், தெரிந்தே விட்டுவைத்தார் என்பதும் அவர் கைப்பட அங்கே கிடந்தன. அந்த வீட்டார் நாளைக்கு அதைப் படிப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் அதன் பின்னாலேயே வந்தது. இந்த நிமிடம் இன்னும் எத்தனை வீட்டுத் தலைமாடுகளில் இயர்போன் தொங்கிக்கொண்டிருக்கிறதோ?

எழுதினார். இயர்போன் இருந்தாலும் மணி அறையில் கேட்கும்படி திருத்தி முடித்தார். ஆனால் வெளியே அனுப்ப முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட சமாச்சாரம், யார் எழுதியதானாலும் இன்னொரு ஆள் படிக்காமல் போகக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். டீச்சரின் தேசத்தில் இன்னும் விடியவில்லை. அழைத்துப் பார்த்தார், எடுக்கவில்லை. மேல்மாடிப் பெண்மணி ஒருவர் கனத்த பையோடு மூச்சு வாங்க ஏறிவந்து, லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டார். தெரியாதுங்க என்றார். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சண்டை போடாமலே போய்விட்டார்.

கூட வேலை செய்பவர்களின் பட்டியலில் அப்போது விழித்திருந்தது ஒரே ஒரு பெயர், கத்துக்குட்டி. வேறு வழியில்லை. உங்கள் வேலையைத்தான் நான் செய்திருக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு வீட்டில் ஆபத்து, இதைப் படித்துப் பார்க்க முடியுமா என்று எழுதினார்.

இதுவும் ஓடிவிட்டது என்று நினைத்தார். பிறகு அழைப்பே வந்தது. ஒரு பெண்ணின் குரல். அவரைவிடப் பயந்த குரல்.

"சார்... இது பத்தாது சார்."

"ஏம்மா?"

"மணி அடிக்கும், வெளியிலயும் கேக்கும். ஆனா பக்கத்துல இருக்கறவங்க பதறிப்போய் முதல்ல இயர்போனைத்தானே பிடுங்குவாங்க? பிடுங்கினா பாட்டு தானா நின்னுடும்ல, அதே மாதிரி மணியும் நின்னுடுது. எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நான் அங்கதான் மாட்டிக்கிட்டேன்."

"இத்தனை நாளாவா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"சுலபம்னு எழுதியிருந்தீங்க." குரல் இன்னும் இறங்கியது. "சுலபமானதே எனக்கு வரலைன்னு எப்படி சார் கேக்கறது?"

உட்காரட்டும் என்று போட்ட நாற்காலி இத்தனை நாளும் வாசலை மறித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

பேசிக்கொண்டே எழுதினார்கள். அவர் ஒரு வரி சொல்ல, அவள் தன் தொலைபேசியில் போட்டுப் பார்த்து, வேண்டாம், அப்படிச் செய்தும் பார்த்துவிட்டேன் என்பாள். அவள் தோற்ற வழிகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல, மிச்சமிருந்த வழி அவருக்குப் புலப்பட்டது. அந்தப் பக்கம் மணி அலறியது. அவள் இயர்போனைப் பிடுங்கினாள். மணி நிற்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றார்.

அவள் சிரிக்காமல் இன்னொரு தடவை செய்தாள். பிறகு எல்லா வீட்டுத் தொலைபேசிகளுக்கும் அனுப்பினார்கள்.

லிஃப்டை எப்படி முடித்துக்கொடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அந்த வீட்டிலிருந்து மட்டும் பதில் வரவில்லை. வழியெல்லாம் நீல உதடு ஒன்று கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்குள் நுழைந்தவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். மாமனார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். காதில் இயர்போன். அதன் மறுமுனை தலைமாட்டுத் தொலைபேசியில்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பாட்டு கேக்கறாரு. எனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு கொஞ்ச நாளா இப்படித்தான். நீங்க வர்ற நேரத்துக்குக் கழட்டி ஒளிச்சு வச்சுடுவாரு, திட்டுவீங்கன்னு பயம். இன்னிக்குத் தூங்கிட்டாரு போல. என்னங்க, ஏன் இப்படி வேர்க்குது?"

அவர் போய்க் கிழவரின் விரலிலிருந்து கிளிப்பை உருவினார். மணி வீட்டை அதிரவைத்தது. இயர்போனைப் பிடுங்கினார். நிற்கவில்லை. மாமனார் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"உயிரோடத்தான் இருக்கேன் மாப்பிள்ளை. சந்தேகமா?"

அப்போதுதான் அவருடைய தொலைபேசியில் செய்தி வந்தது. அந்த வீடு. அவருக்குத் திறக்கத் துணிவில்லை. மனைவியிடம் நீட்டினார். அவள் மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணு முழிச்சுட்டாராம். இன்னும் ஐசியூவுலதான் இருக்காராம்." கொஞ்சம் தயங்கினாள். "இந்தப் பழுது உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்கறாங்க."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, கிளிப்பை மாமனாரின் விரலில் மறுபடி மாட்டிவிட்டு, தொலைபேசியை வாங்கித் 'தெரியும்' என்று எழுதி அனுப்பினார்.

பதில் வரவில்லை. காத்திருக்கும்போது சும்மா இருக்க முடியாமல் பழுதுகளின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பழுதின் மேலிருந்தும் 'சுலபம்' என்பதை அழித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கத்துக்குட்டியை அழைத்தார்.