தொட்டியில் போன சேவல்

என் பங்காளி அண்ணன் லிஹாண்டாவைப் போல ஒரு பிழைக்கத் தெரியாதவனைக் கென்யாவின் கக்கமேகாக் காட்டோரத்தில் தேடினாலும் கிடைக்காது. மக்காச்சோளத்தில் களை முழங்கால் உயரம் நிற்கும். இவன் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி நடப்பான். நைரோபியிலிருந்து பறவை பார்க்க வரும் கூட்டத்துக்கு வழிகாட்டி என்று பெயர். உள்ளூரில் நாங்கள் வைத்திருக்கும் பெயரை எழுத முடியாது.

போன மழைக்காலத்தில் ஒரு வல்லூறு அவன் வீட்டுக் கோழியைப் பிடித்து, மாட்டுத் தொட்டிக்கு இழுத்துப்போய், உயிர் அடங்கும்வரை தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தது. வேறொருவன் கல்லை எடுத்திருப்பான். இவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கோழிகள் ஒவ்வொன்றாக அந்தத் தொட்டியில்தான் முடிந்தன, என் கோழிகளும் சேர்த்து. நான் கவணை எடுத்த அன்று கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிச்சிடாதடா தம்பி. இந்த மாதிரி எந்த வல்லூறும் செஞ்சதில்ல."

"இந்த மாதிரி எவனும் கோழி வளத்ததில்லண்ணே," என்றேன்.

நைரோபிக்காரர்கள் அவனை நம்பவில்லை. வல்லூறு நகத்தாலேயே கொன்றுவிடும், கோழி தானாகத் தொட்டியில் விழுந்திருக்கும் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இவனைப் பிடித்து ஆட்டியது.

வீட்டில் மிஞ்சியது ஓர் இளஞ்சேவல். மகள் ஃபீபியைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கென்று அவன் மனைவி ரோடா அதைக் கூடைக்கடியில் பொத்திப் பொத்தி வளர்த்தாள். எங்கள் பக்கத்து விருந்தில் வேறு என்ன இருந்தாலும், கோழியின் இரைப்பை வந்தவர்களில் மூத்தவர் தட்டில் விழவேண்டும். இல்லாவிட்டால் எழுந்து போ என்று சொன்னதற்குச் சமம். ஃபீபியோ இப்போது பெண் கேட்டு வரும் வீட்டுப் பையனுக்காக மற்ற வரன்களையெல்லாம் தட்டிவிட்டவள்.

மாப்பிள்ளை வீட்டார் மதியம் வருவதாக இருந்த அன்று காலையில் பறவை பார்க்கும் நைரோபிக் கூட்டமும் வந்து இறங்கியது. நம் மகராசன் அந்தச் சேவலை எடுத்துத் தொட்டியோரம் கட்டினான். ரோடா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கயிறு என் கையிலதான இருக்கு? அது இறங்கினதும் இழுத்துடுவேன்டி."

வல்லூறு இறங்கியது. பைனாகுலரைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமே, கயிற்றை விட்டுவிட்டான். சேவல் தண்ணீருக்குள் போனது. ரோடா விளக்குமாற்றோடு ஓடினாள்.

"கிட்ட போகாத, போட்டோ எடுக்கறாங்க," என்று அவளைத் தடுத்தான் என் அண்ணன்.

அவர்கள் எடுத்து முடித்து, அவன் முதுகில் தட்டிவிட்டுக் கிளம்பியபோது தொட்டியோரம் இறகும் காலும்தான் கிடந்தன. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கக் கோழி ஏது? எல்லாம்தான் அந்தத் தொட்டிக்குப் போயிற்றே. கடையில் உறைந்து கிடந்த உரித்த கோழி ஒன்றை நான் வாங்கி வந்தேன். வயிறு சுத்தமாகக் காலி.

மாப்பிள்ளையின் பெரியப்பா முகாப்வா உகாலிக் களியை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தார்.

"சம்பந்தி, இரைப்பை எங்க?"

வாயை மூடிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். ஆனால் இவனுக்கு முகமெல்லாம் வெளிச்சம் வந்துவிட்டது. வல்லூறு எப்படி இறங்கியது, எப்படி அமுக்கியது என்று கையை விரித்து நடித்தே காட்டினான். மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் கையைக் கழுவினார்.

"முதல் மரியாதை யாருக்குன்னு முடிவு பண்ணிட்டீங்க. பொண்ணையும் அந்த வல்லூறு வீட்டுக்கே குடுத்துடுங்க."

எல்லோரும் எழுந்து போனார்கள். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிஹாண்டா என்னிடம் வந்து, "போட்டோவப் பாத்திருந்தா நம்பியிருப்பாங்கடா," என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபீபி அழவில்லை. அப்பன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி எடுத்துப்போய்த் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினாள். குமிழிகள் வந்தன. அவள் கையை எடுக்கவில்லை.

"ஐயோ, அது தண்ணியில போனா செத்துடும்மா," என்று ஓடினான் லிஹாண்டா.

"சேவலும் அப்படித்தாம்பா செத்துச்சு," என்றாள் அவள்.