ஆகாயத்தாமரையில் நட்ட கொடிகள்

காலை பதினொன்றே கால் மணிக்கு என் மகள் அபி, தரை என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தாள். அங்கே தரை இல்லை.

வங்காளத்தில் குளிர்காலத்தில் வரும் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் அது. தெருவெல்லாம் சாமந்தி இதழ்கள் மிதிபட்டுக் கிடந்தன. நான் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பா, ஒண்ணும் ஆகல. முதல்ல அதக் கேட்டுக்கோ. ஓடைக்குள்ள விழுந்துட்டேன்." 'ஒண்ணும் ஆகல' என்று ஆரம்பிக்கும் போன் எப்படிப்பட்டது என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். ஆட்டோவில் எப்போது ஏறினேன் என்பது நினைவில்லை. இறங்கும்போது கையில் கறிவேப்பிலைக் கொத்து இருந்தது. இலைகள் எல்லாம் ஆட்டோவிலேயே உதிர்ந்துவிட்டிருந்தன.

அவள் ஓடைக்கரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மார்பு வரை கறுப்புச் சேறு. தோளில் கடைக்காரம்மாவின் சால்வை. ஜீன்ஸிலிருந்து ஆகாயத்தாமரை வேர்கள் தலைமுடிபோலத் தொங்கின. கடைக்காரம்மாவை அந்தப் பக்கத்தில் எல்லோரும் மாஷி என்பார்கள், நாம் சித்தி என்பதுபோல. கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலை உருவி நீட்டி அபியை இழுத்துப் போட்டவர் அவர்தான். கூரை இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"உங்க பொண்ணா? படிச்ச பொண்ணு, தண்ணி மேல நடக்கத் தெரியும் போலன்னு பாத்துக்கிட்டிருந்தேன். பாதி தூரம் நல்லாத்தான் நடந்துச்சு" என்றார் வங்காளத்தில். அபி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாஷி தந்த மண்குவளையை வாங்கினேன். டீயில் பாதி சட்டையில் கொட்டியது. விழுந்தவள் நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்க்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பவானிபூரில் புவியியல் படித்துவிட்டு ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். யாராவது அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், பக்கத்தில் ஓடையோ குளமோ இருக்கிறது என்றால், இவர்கள் போய்ப் பார்த்து அளந்து அறிக்கை கொடுப்பார்கள். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குக் கட்டடம் வரக்கூடாது. மழைத் தண்ணீர் தங்கிப் போகவும், செடிகொடிகள் நிற்கவும் அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். ஆனால் கரை எங்கே இருக்கிறது என்று முதலில் யாராவது சொன்னால்தானே அங்கிருந்து தூரத்தை அளக்க முடியும்? அந்தக் கரையைக் காட்டத்தான் அபி சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டு போனாள். டிரோன் எடுத்த படத்தில் பச்சை முடிகிற இடத்தைக் கரை என்று குறித்திருந்தார்கள். அந்தப் பச்சை, தண்ணீரின் மேல் மெத்தைபோல மிதந்துகொண்டிருந்த ஆகாயத்தாமரை. பழைய மெத்தையாதலால் அதன் மேல் புல்லும் முளைத்திருந்தது. கால்பந்து ஆடலாம் போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோ முழுக்க அந்த வாடை. அழுகிய வேரும் சோப்புத் தண்ணீரும் கலந்த வாடை. எனக்கு அது நான் சிறுவனாக வளர்ந்த சாந்த்ராகாச்சியின் வாடை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். யார்டுக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. குளிர்காலத்தில் மேலே ஊதாப் பூ, கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பந்து அதில் விழுந்தால் மிதக்கும், கண்ணெதிரே இருக்கும், எடுக்க முடியாது. அம்மா துணி உலர்த்தியபடியே கத்துவாள்: "பச்சையா தெரிஞ்சா உடனே கால வெச்சிடுவியா? கல்லத் தூக்கிப் போட்டுப் பாருடா முதல்ல." நாங்கள் கல்லைப் போட்டுப் பார்த்தோம். கல் போன ஓட்டை கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும், ஒன்றுமே நடக்காததுபோல. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அன்றைக்கு ஆட்டோவில் அந்த ஓட்டை மூடிக்கொள்வது என் கண்முன் வந்து வந்து போயிற்று. இன்னும் வருகிறது.

சேற்று வாடை என்றால் என் முதல் வேலையும் நினைவுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், நானும் ஓடை அளந்தவன்தான். கல்லூரி முடித்ததும் ஓர் ஆண்டுக்கு மேல் ஒரு சர்வே அலுவலகத்தில் இருந்தேன். இந்த ஊர் ஓடைகளுக்குக் கடலின் பழக்கம் உண்டு. கடலில் ஏற்றம் வந்தால் கங்கையில் தண்ணீர் ஏறும், கங்கையிலிருந்து இந்தச் சின்ன ஓடைகளுக்குள்ளும் நுழையும். பிறகு இறங்கும். அதனால் எங்கள் அலுவலகத்தில் வங்காளப் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் யாரும் டேப்பைத் தொடமாட்டார்கள். நல்ல நேரம் பார்க்க அல்ல. தண்ணீர் ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் அதில் அச்சாகியிருக்கும். ஏறி நிற்கும்போது ஒருமுறை, இறங்கிய பிறகு ஒருமுறை என்று இரண்டு தடவை போய் அளப்போம். ராகு காலத்தில் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அம்மா எனக்கொரு தமிழ்ப் பஞ்சாங்கத்தையும் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். பக்கத்து மேசை மீத்தா இரண்டையும் எதிரெதிரே விரித்துவைத்துச் சொன்னாள்: "உன்னுது இப்ப இறங்காதேங்குது. எங்களுது இப்ப இறங்குங்குது. ரெண்டும் பேசி முடிக்கட்டும், வா, நாம டீ குடிச்சிட்டு வரலாம்."

அபி விழுந்த ஓடையையும் நான் அளந்திருக்கிறேன். அப்போது அங்கே படகு வந்தது. பொம்மை செய்கிறவர்களுக்குக் களிமண், மாட்டுக்கு வைக்கோல். செங்கல் படித்துறையில் படகைக் கட்ட ஓர் இரும்பு வளையம் இருந்தது. தண்ணீர் ஏறினால் மேல்படி வரை வந்து நிற்கும்.

அன்று சாயங்காலம் அபி குளித்துவிட்டு வந்து கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டினாள். தான் விழுந்த இடத்தில் விரலை வைத்தாள். அங்கே ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்திருந்தது. குழந்தைகள் விளையாடும் இடம்.

"மண்ணக் கொட்டி மேடாக்கிடுவாங்க பா. நான் நட்ட கொடிதான் கரைன்னு ரிப்போர்ட்ல போகும். களத்துல அளந்தவர்னு என் பேரு இருக்கும்."

"வேலைய விட்டுடும்மா."

"விட்டா கோடு மாறிடுமா?"

சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "அவள விடச் சொல்றதுக்குப் பதிலா உங்க பழைய பஞ்சாங்கக் கதையச் சொல்லலாமே. எங்கிட்ட மட்டும் எத்தன தடவ சொன்னீங்க."

அபியின் மேலதிகாரி கௌஷிக். அவள் 'கௌஷிக்தா' என்பாள், அண்ணன் என்ற பொருளில். மறுநாள் நானே அவருக்குப் போன் செய்தேன். மரியாதையானவர். என்னை 'காக்கு' என்றார், நாம் சித்தப்பா என்பதுபோல. "காக்கு, அபிக்கு அடிபடலையே? ரெண்டு நாள் ஓய்வெடுக்கட்டும்" என்றார். கரைக்கோட்டைப் பற்றிக் கேட்டதும் குரல் கொஞ்சம் இறுகியது. "டிரோன் படம் தெளிவா இருக்கு, காக்கு. பௌர்ணமிக்கு மறுநாள் ரிப்போர்ட் போகணும். திரும்ப அளக்க நேரமில்ல." எந்த நேரத்தில் டிரோன் பறந்தது என்று கேட்டேன். காலையில் என்றார். தண்ணீர் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்றேன். "குளிர்காலம்தானே, காக்கு. தண்ணியே கொஞ்சம்தான்" என்றார்.

நான் பயந்த சுபாவம். பஸ் கொஞ்சம் தாமதமானாலே மகளுக்கு மூன்று முறை போன் செய்கிறவன். ஆனால் அன்றைக்குப் போனை வைத்தபோது பயம் வேறு மாதிரி ஆகியிருந்தது. அந்த ஊஞ்சலில் ஏறப்போகிற, முகம் தெரியாத குழந்தைகளின் அப்பாக்களும் என்னைப் போலத்தானே பயப்படுவார்கள்? அவர்கள் யாரும் இன்னும் வரவில்லை. நான் வந்துவிட்டேன்.

வங்காளப் பஞ்சாங்கம் தேடிப் போனேன். கடைக்காரர் தூசி தட்டி ஒன்றை எடுத்தார். "வருஷமே முடியப்போகுது, இப்ப வாங்கறீங்க. வீட்ல கல்யாணமா?" என்றார். தண்ணீர் பார்க்க என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். பௌர்ணமியன்று மதியம் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும் என்று போட்டிருந்தது.

அதுவரை அபி தினமும் மாஷி கடையில் ஒரே மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்று கொடிகளைப் படம் எடுத்து கௌஷிக்குக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரியும் எழுதினாள்: இந்தக் கோட்டுக்குக் கீழே என் பெயர் வராது. பதில் இல்லை. ஒரு படத்தில் கொடி மூங்கிலுக்கு நேராக நின்றது. அடுத்ததில் அது தள்ளி நின்றது. தண்ணீர் மெத்தையைத் தூக்கி நகர்த்த, கொடிகளும் சேர்ந்து போயின. "உங்க கரை நேத்து என் கடையத் தாண்டிப் போச்சு. டீ கூடக் குடிக்கல" என்றார் மாஷி.

பௌர்ணமியன்று நானும் போனேன். அபி முதல்நாளே கௌஷிக்குக்கு நேரத்தை எழுதி வரச் சொல்லியிருந்தாள். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறியது. கட்டடம் வரப்போகிற மனையின் வேலியில் கீழ்க்கம்பி நனைந்தது. ஊஞ்சல் வரவேண்டிய இடம் முழுக்கத் தண்ணீர். என் மகள் நட்ட கொடிகள் வரிசை கலையாமல் ஓடையோடே மிதந்து வேலி முடிகிற இடத்தைத் தாண்டி அடுத்த மனைக்குக் குடிபோயிருந்தன. மாஷியின் அடுப்புக்கு ஒரு சாண் கீழே வந்து தண்ணீர் நின்றது. அப்போதுதான் அடுப்பு எதன் மேல் இருக்கிறது என்று பார்த்தேன். செங்கல். பழைய படித்துறையின் மேல்படி.

இரும்பு வளையத்தைத் தேடினேன். இல்லை. மற்ற படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. களிமண் படகு, அதைக் கழியால் தள்ளி வந்தவர்கள், நாங்கள் டீ குடித்த அலுவலகம் எதுவும் இப்போது இல்லை. அலுவலகம் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. ஓடை கையகலமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தண்ணீர் மட்டும் பழைய மேல்படி வரை வந்து நின்றது.

"வரமாட்டார் பா. இறங்க ஆரம்பிச்சிடும்" என்றாள் அபி. நான் பஞ்சாங்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன், பார்த்தால் தண்ணீர் நிற்கும் என்பதுபோல.

அப்போது சந்து முனையில் ஓர் ஆட்டோ நின்றது. கௌஷிக் இறங்கினார், பின்னால் டேப் பிடிக்கிறவர். கௌஷிக் காலில் பளபளவென்று ஆபீஸ் ஷூ. அடுத்த மனையில் ஆடிக்கொண்டிருந்த கொடிகளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றி மாஷியின் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"அபி, உன் காலுக்குக் கீழ நெசமாவே தரை இருக்கிற இடத்துல போய் நில்லு."

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் படியில் ஏறி நின்றாள். ஒரு காலால் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கௌஷிக் டேப்பின் நுனியை வாங்கி அவள் பாதத்தருகே வைத்து அழுத்திப் பிடித்தார். டேப்காரரைப் பார்த்துச் சொன்னார்: "கரை இது. இங்கேருந்து அள."