மயிலான வேற்றுக்கிரகப் பூச்சி

படத்துக்கு விசித்திரப் பிராணிகள் செய்கிற தொழிலில், பத்து செய்தால் ஒன்பது திரைக்கே வராது. மாய்ந்து மாய்ந்து செய்த வேலையை ஒரே தலையாட்டலில் பறிகொடுத்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

கண்தான் குற்றம்

விண்வெளிப் படம் ஒன்றுக்காக, மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள எங்கள் பட்டறையில் ஒரு பூச்சி செய்தேன். இடுப்புயரம், வளைந்த நீளக் கழுத்து, விசிறியாக விரியும் இறக்கை, எல்லாமே எடையில்லாத பாலிஃபோம் நுரைக்கட்டி. மூன்று மாதம் அதோடுதான் குடித்தனம். ஆளை விழுங்க வேண்டிய அந்தப் பூச்சியின் கண்ணை இயக்குநர் உற்றுப் பார்த்தார்.

"இது எங்க கடிக்கப் போவுது? பார்த்தா சோறு போடத் தோணுது லா!"

மூலையில் ஒரு வருடம்

படத்தில் இடமில்லாமல் மூலைக்குப் போன பூச்சியின் கழுத்தில் எல்லாரும் ஹெல்மெட் மாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஒருநாள் பட்டறை மேலாளர் லீலா அக்கா பழையதையெல்லாம் கழிக்கச் சொன்னார். இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"உனக்குப் பூச்சி மேல பாசம், எனக்கு இடம் வேணும். வெள்ளிக்கிழமை லோரி வருது."

கிள்ளானில் வெள்ளம்

அந்த வாரமே கிள்ளானிலிருந்து முகிலன் என்பவர் வந்தார். மகளின் இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் காவடி எடுப்பதாக வேண்டுதல்; முடிந்துவிட்டது. வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் காவடி மயிலை உடைத்துவிட்டது. தைப்பூசத்துக்கு ஐந்தே நாள். மிச்சம் மீதி பாலிஃபோம் கேட்டு வந்தவர், பூச்சியின் கழுத்தைப் பார்த்து, படத்துக்குச் செய்த மயில் என்று நினைத்து அதன் முன்னால் நின்றுவிட்டார். அது என்னவென்று நான் சொல்லவில்லை. உபரிக் கால்களை அறுத்தேன், நீலம் அடித்தேன், தோகை வைத்தேன். முகிலன் கூடவே இருந்தார்.

"அண்ணே, கண்ண மட்டும் மாத்திடாதீங்க."

பத்துமலை அடிவாரம்

பத்துமலை முருகன் கோயிலில் காவடி தூக்கும் நேரம் வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்தவரை ஏமாற்றுகிறோமே என்றிருந்தது. சொன்னால் அவர் காவடியை இறக்கிவிடுவாரோ என்றும் பயம். பால்குடத்தோடு மகள் பக்கத்தில் நின்றாள். அது ஆள் விழுங்கும் பூச்சியாகப் பிறந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் மயிலை நிமிர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சூரனே மயிலானான், உங்க பூச்சி ஆகக்கூடாதா? நகருங்கண்ணே, நேரமாச்சு."

ஒரு திரையிலும் இடம் கிடைக்காத என் பூச்சியைப் பார்த்து அன்று வழிநெடுகக் கைகூப்பினார்கள். படத்துக்குத் தேர்வான பூச்சி எதற்கும் இதுவரை அந்த மரியாதை கிடைத்ததில்லை.