சோப்புப் பெட்டிக்குள் ஒரு டியூனர்

என் வீட்டுக்காரர் ராஜையனுக்குப் பழவங்காடியில் மோட்டார் வைண்டிங் கடை. பகல் முழுக்கச் செம்புக்கம்பி சுற்றுகிற மனிதர் வீட்டுக்கு வந்தாவது சும்மா இருக்கலாம். இருக்கமாட்டார். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியதிலிருந்து வீட்டிலும் கம்பிதான்.

2001 மழைக்காலத்தில் பிடித்த பைத்தியம் ஆன்டெனா டியூனர். மரத்தில் கட்டுகிற கம்பி ரேடியோவோடு ஒத்துப்போகாவிட்டால், அனுப்புகிற சக்தி திரும்பி வந்து ரேடியோவையே சுட்டுவிடுமாம். நடுவில் இருந்து இரண்டையும் சமாதானம் செய்துவைப்பது டியூனர். அதைப் பெரிதாகச் செய்தால் என்ன குறைச்சல்? சட்டைப் பையில் போட்டு மலையேற வேண்டுமாம். சோப்புப் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று, மின்சாரத்தைத் தேக்குகிற நல்ல கண்டன்சரைக் கழற்றிவிட்டு, பாக்கெட் ரேடியோவிலிருந்து பொடிசு ஒன்றை எடுத்து வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ரேடியோ கிளப்பின் பேரிடர்க் குழுவில் சேர அவருக்கு அத்தனை ஆசை. தனி ஆளாக மலையிலிருந்து பேசிக் காட்டினால்தான் அதில் இடம்.

பரீட்சைக்குக் கல்லாறு, ஆற்றோரத்து மலை. சோறு கட்டிக்கொண்டு நானும் போனேன்; விட்டால் பட்டினி கிடப்பார். மரத்தில் கம்பியைக் கட்டிவிட்டு ஈரப்புல்லில் உட்கார்ந்து, மைக்கை அழுத்தியபடி பெட்டியைப் பிடித்துக் குமிழைத் திருப்பினார். சிவப்பு விளக்கு அணைந்தது. எல்லாம் சரி என்று அர்த்தம். கையை எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது. குமிழ் அதற்கு மேல் திரும்பவில்லை. மனுஷ உடம்பும் கொஞ்சம் மின்சாரம் தேக்குமாம்; பொடிசு கண்டன்சரின் போதாமையை அவர் கை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் சோதித்தபோது பெட்டியை ஒரு தடவையாவது கீழே வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வைக்கவில்லை, மகா புத்திசாலி.

ஒரு கையில் மைக், மறு கையால் கிளப்பிலிருந்து சொல்லும் செய்தியை எழுத வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவது?

“ரத்னம், இதுமேல கைய வை. அனங்காத, கேட்டியா?”

வைத்தேன். கணுக்காலில் அட்டை ஏறியது.

“அட்ட ஏறுது.”

“கைய எடுத்திராத. எழுதி முடியட்டு.”

அது பாட்டுக்கு ரத்தம் குடித்தது. அவர் பாட்டுக்கு எழுதினார்.

எழுதியதை ரேடியோவில் திருப்பி வாசித்துக் காட்டியதும் கிளப் செயலாளருக்குத் திருப்தி. கடைசியாக, தனி ஆளாகத்தானே இயக்குகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார்.

“ஆமான்னு சொல்லுங்க” என்றேன்.

“இல்லை சாரே, மனைவி கூட இருக்கிறாள். அவள் கையை எடுத்தால் இது பேசாது” என்று மலையாளத்தில் முழுவதையும் ஒப்பித்துவிட்டார் மனிதர்.

அப்படியென்றால் இந்த முறை சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. பெட்டியை அப்படியே ஆற்றில் எறிய வேண்டும்போல் இருந்தது எனக்கு.

“நான் என்னத்துக்கு அட்டைக்கு ரெத்தம் குடுத்தேன்? ஒரு ஆமான்னு சொல்ல வாய் வரல்லியா?”

“மலையிடிஞ்ச எடத்துக்கு நீ வருவியா ரத்னம்? அங்க ஆளு மண்ணுக்குள்ள கெடக்கும்போ இது பேசல்லன்னா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியை அவிழ்க்க எழுந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்த கையை மறுபடி பெட்டிமேல் வைத்தேன்.

“அவுக்காண்டாம், இருங்க. அடுத்த பரீட்ச எப்பன்னு கேளுங்க.”