உங்களுக்கு எந்த ஊர்?

போன புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன். தமிழ் பேச ஆள் வேண்டும், உடனே வர முடியுமா என்றார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்கென்று அங்கே ஓர் உதவி மையம் இருக்கிறது. தமிழ்க் குடும்பம் வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். செம்பூரில் ஆட்டோ ஏறும்போதே அலுப்பாக இருந்தது. எத்தனை தடவைதான் இப்படிப் போவது?

தாராவிப் பெண். பத்தாவது படிக்கிறாள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரன் ஒருவன்... அதற்கு மேல் விவரம் வேண்டாம். காலையிலிருந்து அவள் வாயே திறக்கவில்லையாம். கவுன்சலர் மராத்திக்காரர். தாய்மொழியில் கேட்டால் பேசிவிடுவாள் என்று நம்பினார். நானும்தான்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பம்பாய்த் தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் என்ன கேட்போம்? லோக்கல் ரயிலிலோ, மாட்டுங்கா காய்கறிக் கடையிலோ... அதையேதான் கேட்டேன். பிரியமாகத்தான்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு கவுன்சலரிடம் இந்தியில், தணிந்த குரலில் சொன்னாள் — இந்த ஆன்ட்டியை வெளியே போகச் சொல்லுங்கள். அன்று அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஒரே ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே சந்தில் குடியிருக்கிற இடம் தாராவி. ஊர் தெரிந்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் செய்தி போகும். அவளுக்கு நான் ஆறுதல் இல்லை. ஊரே புடவை கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது!

வெளியே பெஞ்சில் அவளுடைய அம்மா. கேஸ் வேண்டாம், பெண்ணைத் திருநெல்வேலிப் பக்கம் மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்று குடும்பப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். அவள் படிப்பு? நின்றுபோகும். அந்த ஆள்? இங்கேயே இருப்பான். ஒவ்வொரு முறையும் பிள்ளைதான் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். கோபம்கூட இப்போதெல்லாம் மெதுவாகத்தான் வருகிறது.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னால் அவள் குரல். வார்த்தைகள் கேட்கவில்லை. ஆனால் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"பேசுதா..." என்றார் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று சந்தேகம் வந்தவராக என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எந்த ஊருக்கா?"

எங்கள் பூர்வீகம் அந்த மாமன் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். சொல்லவில்லை.

"இந்த ஊர்தாம்மா. வேற ஊர் கிடையாது."

அவர் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். "எனக்கு அவள அனுப்ப மனசே இல்லக்கா. இத யார்ட்டயும் சொல்ல முடியல," என்றார்.

உள்ளே போய்க் கவுன்சலரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். போனார்.

எல்லாருக்கும் சொந்தக்காரி ஆகப் பார்க்காதீர்கள். சில நேரம், யாரோ ஒருத்தியாக இருந்தால் போதும்.