தும்பிக்கை வைத்த மயில்

ஐந்தாவது வரைதான் படித்தேன், மறதி வேறு. கோணலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடைக்காரர். சோடாபுட்டிக் கண்ணாடி, தோளில் ஈரத் துண்டு. யாரோ தறியில் டிசைன் அட்டைகளை வரிசை மாற்றிக் கோத்ததில், மயில் உடம்பில் யானைத் தலை விழுந்த பட்டுத்துண்டு ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான் யாருக்கும் டீ.

ஷேர் ஆட்டோவுக்காக நின்ற என்னையும் கேட்டார்: "இன்னாம்மா தெரியுது?"

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது.

"தறிக்காரன் தூங்கினது தெரியுது. அந்தம்மாவ வுடுபா" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

"உன்னையா கேட்டேன்?"

மெதுவாகச் சொன்னேன்: "மயிலுக்குக் குளிக்க ஆசை. யானைகிட்ட தும்பிக்கைய கேட்டு வாங்கிக்கினு வந்திருக்குது."

பெஞ்சு சிரித்தது. டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "இத வாசல்ல கோலமா போடும்மா" என்றார்.

கல்யாணமானதிலிருந்து மாமியார் காட்டிய கோலம்தான் போடுவேன். வேறு போட்டால் தெரு சிரிக்குமே என்று பயம். மறுநாள் போட்டுவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் சிரிக்கத்தான் சிரித்தாள். ஆனால் கோலம் கலையாமல் ஸ்கூட்டரைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த டீக்கடைப் பக்கம் போகிறவர்கள், சட்டத்துக்குள் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் இடது பக்கமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.